இடைவினைக் கெழு: ரோதம்ஸ்டெட் வயலிலிருந்து லாஜிட் வரை

தொடர்புப்போக்குச் சமன்பாட்டில் போலி மாறியையும் இடைவினை உறுப்பையும் சேர்க்கக் கணினியில் ஒரு வரி போதும். கிடைத்த கெழுவுக்குப் பொருள் சொல்வதில்தான் ஆய்வாளர்கள் தடுமாறுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு துறைகளில் பிறந்து பின்னர் ஒன்றுசேர்ந்தவை என்பதே இதற்கு முதற்காரணம் என்று கருதுகிறேன்.

இடைவினை வேளாண்மையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 12 உருளைக்கிழங்கு ரகங்களுக்கு வெவ்வேறு உரங்களை இட்டுப் பெற்ற விளைச்சலைப் புள்ளியியலாளர் ஃபிஷரும் மெக்கன்சியும் 1923-இல் ஆராய்ந்தனர். எந்த ரகம் அதிகம் விளைகிறது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. உரத்தின் பலன் ரகத்துக்கு ரகம் மாறுகிறதா என்று கேட்டனர். மாறுகிறது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது. 1937-இல் ஃபிராங்க் யேட்ஸ் எழுதிய நூலில் அது பல்காரணிச் சோதனைகளின் முறையான கணக்காக வளர்ந்தது. அங்கே இடைவினை என்பது வேறுபாடுகளுக்கிடையிலான வேறுபாடு. சோதனை சமச்சீராக வகுக்கப்பட்டதால், சராசரிகளின் அட்டவணையைப் பார்த்தே அதைப் படித்துவிடலாம்.

ஒரு பிரிவைச் சேர்ந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்ற மதிப்பைக் கொள்ளும் போலி மாறியைப் பொருளியலில் பரவலாக்கியதில் டேனியல் சூட்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. எல்லாப் பிரிவுகளுக்கும் ஒவ்வொரு மாறியை வைத்து, வெட்டுத்துண்டையும் சேர்த்தால் தனித்த தீர்வு கிடைக்காது. எனவே ஒரு பிரிவை விட்டுவிடுகிறோம். மற்றவை அதனோடு ஒப்பிடப்படுகின்றன. பொருள் கொள்வதில் உள்ள இடர் தீராததால், 1984-இல் சூட்ஸே அதைப் பற்றி மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இடையில் 1970-இல், இந்திய மாணவர்கள் பாடநூல் வழியே நன்கறிந்த தாமோதர் குஜராத்தி, இரு குழுக்களின் வெட்டுத்துண்டும் சாய்வும் வேறுபடுகின்றனவா என்பதைப் போலி மாறிகளைக் கொண்டு ஒரே சமன்பாட்டில் சோதிக்கலாம் என்று காட்டினார்.

கற்பனையான ஒரு கூலிச் சமன்பாட்டைப் பார்ப்போம்: கூலி = 20 + 0.8 (கல்வி ஆண்டுகள்) + 5 (நகரம்) + 0.3 (கல்வி × நகரம்). நகரவாசிக்கு 5 அலகு கூடுதல் என்று இதைப் படிப்பது பிழை. பள்ளிக்கே போகாதவர்களிடையே மட்டும்தான் அந்த 5 பொருந்தும். 12 ஆண்டுகள் படித்தவர்களிடையே இடைவெளி 5 + 3.6 = 8.6. கல்வியை 12-லிருந்து விலகும் அளவாக மாற்றி எழுதினால் நகரத்தின் கெழுவே 8.6 ஆகிவிடும், 0.8-உம் 0.3-உம் மாறா. ஆகவே நகரத்தின் கெழுவுக்கு அருகில் புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரக்குறி இல்லை என்பதற்காக அதைச் சமன்பாட்டிலிருந்து நீக்குவதை ஏற்க முடியாது.

கூலியின் மடக்கையை எடுத்தால் இன்னொரு பொறி. போலி மாறியின் கெழு 0.5 என்றால் உயர்வு 50 விழுக்காடு அல்ல, ஏறத்தாழ 65 விழுக்காடு. இதை ஹால்வோர்சனும் பாம்குவிஸ்டும் 1980-இல் சுட்டிக்காட்டினர்.

விளைவு மாறி 0 அல்லது 1 ஆக மட்டும் இருக்கும்போது பயன்படும் லாஜிட், ப்ராபிட் மாதிரிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நிகழ்தகவின் மீதான இடைவினை விளைவு ஆளுக்கு ஆள் மாறும். கெழுவின் குறிக்கு எதிராகக்கூட இருக்கலாம். 1980 முதல் 1999 வரை 13 பொருளியல் இதழ்களில் இத்தகைய மாதிரிகளில் இடைவினையைப் பயன்படுத்திய 72 கட்டுரைகளை ஐ, நார்ட்டன் இருவரும் கண்டெடுத்தனர். அவற்றில் ஒன்றுகூட அக்கெழுவைச் சரியாகப் பொருள் கொள்ளவில்லை என்று 2003-இல் அறிவித்தனர்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் என் வேண்டுகோள்: கெழு அட்டவணையோடு நிறுத்தாதீர்கள். மேலே கண்ட கூலிச் சமன்பாடு என்றால், கல்வி 0, 8, 12 ஆண்டுகளில் நகரத்தின் விளைவு எவ்வளவு என்பதை அதன் நம்பிக்கை இடைவெளியோடு சேர்த்து அச்சிடுங்கள்.