இடம் காலி செய்த கதைகள்

நம் வயதுக்காரர்களின் செல்போனில் அடிக்கடி ஓர் அறிவிப்பு வருகிறது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, வேண்டாததை நீக்குங்கள் என்று. பார்த்ததும் பதறிப்போய்ப் பேரனைக் கூப்பிடுகிறோம், இல்லையென்றால் தெருமுனைக் கடைக்குப் போகிறோம். எது வேண்டாதது என்று முடிவு செய்யும் வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்துவிடுகிறோம்.

இடம் போதாத தொல்லை செல்போனோடு வந்ததில்லை. மனிதன் கணக்கும் கடிதமும் எழுதத் தொடங்கிய நாள் முதலே இருக்கிறது. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால், இந்த விஷயத்தில் எனக்கு எப்போதுமே ஒரு கவனம் உண்டு. இடம் காலி செய்யப்போய் உலகம் எதை இழந்தது, எதைக் காப்பாற்றியது என்று சில கதைகளை இங்கே சொல்கிறேன்.

முதல் கதை லண்டனில். இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே வரவு செலவைக் குச்சியில் வெட்டிக் குறித்து வந்தார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுனுக்கு வாற்கோதுமை மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, பணம் கொடுத்தவருக்கு ஒரு பாதி, கருவூலத்துக்கு ஒரு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஏமாற்ற முடியாது. நம் வீட்டுச் சுவரில் பால்காரம்மா போட்ட சுண்ணாம்புக் கோடுகள் ஞாபகம் வருகின்றன அல்லவா? அதே புத்திதான்.

1782-ல் இந்தக் குச்சி முறையை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். ஆனால் அந்தப் பதவிகளில் இருந்தவர்களின் காலம் முடியும்வரை காத்திருந்ததால், 1826-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது. (அரசு வேலை எங்கும் ஒன்றுதான்!) மிஞ்சிய பழைய குச்சிகள் வெஸ்ட்மின்ஸ்டரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று, இரண்டு வண்டிக் குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். காலையிலிருந்து மாலைவரை அடைத்து அடைத்து எரித்ததில் புகைபோக்கிகள் கொதித்துப்போயின. பிற்பகலில் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், தரை சுடுகிறது, புகையில் சுவரே தெரியவில்லை என்றார்கள். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. மாலை ஆறு மணி வாக்கில் தீ வெளியே தெரிந்தது. விடிவதற்குள் நாடாளுமன்றக் கட்டிடத்தின் பெரும்பகுதி சாம்பல்.

அந்தத் தீயில் மக்கள் சபையின் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் போயின. பிரபுக்கள் சபையின் ஆவணங்கள் தனியாக ஒரு கல் கோபுரத்தில் வைக்கப்பட்டிருந்ததால் பிழைத்தன. நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1855-ல் ஒரு சொற்பொழிவில் இந்தக் கதையைச் சொல்லிக் கேலி செய்தார். அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்திருந்தால் போயிருக்குமே என்பது அவர் கட்சி.

இரண்டாவது கதை நம் ஊர்ப்பக்கம். பழைய ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. பரணில் இடம் வேண்டும், பூச்சி அரித்த ஏட்டைப் படிக்க வீட்டில் ஆளும் இல்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். பாண்டிய அரசர் ஒருவரின் ஏடுகள் அங்கே இருந்தன என்று கேள்விப்பட்டுப் போனவர் அவர். கோயில் அலுவலர் சொன்ன பதில், பழுதான ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்பது. செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. புனிதமானதை மரியாதையோடு வழியனுப்பியதாகவே நினைத்தார்கள். ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது கதை பிரான்சு. நான் படித்தது பிரெஞ்சு வழியில். புரட்சியைப் பற்றி முசியே பாடம் நடத்தினால் வகுப்பே அதிரும். ஆனால் அந்தப் புரட்சி காகிதங்களை என்ன செய்தது என்பதை நான் வேலைக்குப் போன பிறகுதான் படித்தேன். 1793-ல் நிலப்பிரபுக்களின் உரிமைப் பத்திரங்களை எரிக்க ஆணை வந்தது. தோலில் எழுதிய பழைய ஆவணங்கள் பல, பீரங்கி மருந்தைக் கட்டும் உறைகளுக்காக ஆயுதசாலைக்குப் போயின. பிறகு 1794 ஜூன் 25-ஆம் தேதிச் சட்டம் இந்தக் கழிப்புக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தது. நாட்டின் சொத்துக்கும் வழக்குக்கும் வேண்டியவை, வரலாற்றுக்கும் கலைக்கும் வேண்டியவை, பழைய பிரபுத்துவப் பத்திரங்கள், வெறும் பயனற்றவை என்று பிரிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பெயர் ‘த்ரியாஜ்’. இன்று மருத்துவமனையில் எந்த நோயாளியை முதலில் பார்ப்பது என்று பிரிக்கிறார்களே, அதற்கும் இதே சொல்தான். அந்தப் பிரிப்பிலும் நல்ல ஆவணங்கள் பல போயிருக்கின்றன. ஆனாலும் எரிப்பதற்கு முன் படித்துப் பார் என்ற விதி வந்ததே, அது பெரிது.

நம் புதுச்சேரிக்கு வருவோம். துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, துணி என்ன விலை, கவர்னர் யாரிடம் கோபித்துக்கொண்டார், எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்த சில நாட்களில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அதையும் தாண்டி அந்தக் குறிப்புகள் குடும்பத்தாரிடம் இருந்தன. 1846-ல் கலுவா-மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துச் சொல்லும்வரை வெளியுலகுக்குத் தெரியாது. ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள்! சில பகுதிகள் கிடைக்காமலே போய்விட்டன. அந்த வீட்டில் யாராவது ஒரு பொங்கலுக்கு, இந்தப் பழைய காகிதம் எதற்கு என்று போகியில் போட்டிருந்தால், அந்தக் கால் நூற்றாண்டை நாம் வெள்ளைக்காரர்களின் கடிதங்களில் மட்டுமே படித்துக்கொண்டிருப்போம்.

அலுவலகத்தில் நாங்கள் செய்ததும் த்ரியாஜ்தான். கோப்பு முடிந்ததும் அதன்மேல் ஏ, பி, சி என்று வகை குறிக்க வேண்டும். ஏ என்றால் நிரந்தரம், நுண்படமும் எடுக்க வேண்டும். பி-யும் நிரந்தரம், ஆனால் நுண்படம் தேவையில்லை. சி என்றால் இத்தனை ஆண்டு என்று போட்டு, கெடு முடிந்ததும் மறுபடி பார்த்துக் கழிக்கலாம். இதில் முக்கியமான விஷயம், வகை குறிப்பவர் அந்தக் கோப்பை அறிந்தவராக இருக்க வேண்டும். ரெக்கார்டு ரூமில் மூட்டை தூக்குபவர் அதை முடிவு செய்வதில்லை.

இப்போது செல்போனுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், மனைவியை இழந்தவர். அந்த அம்மாள் மருத்துவமனையில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் அனுப்பியிருந்தார். மாத்திரை போட்டீங்களா, மோட்டாரை அணைச்சீங்களா, அவ்வளவுதான். நண்பர் ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைக் கேட்பார். போன் மெதுவாகிறது என்று ஒரு கடையில் கொடுத்தார். கடைப் பையன் நல்ல பையன், காசுகூட வாங்கவில்லை. சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டான். காலை வணக்க வீடியோக்களோடு அந்தக் குரலும் போய்விட்டது. கரிவலம்வந்தநல்லூர் கதைதான் இதுவும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், குரல் செய்தி இடத்தை அடைப்பதே இல்லை. ஒரு நிமிடப் பேச்சு ஒரு எம்பியில் சிறு பங்குதான். 1956-ல் ஐபிஎம் கம்பெனி செய்த முதல் வட்டு சேமிப்பு இயந்திரம் ஏறக்குறைய ஒரு டன் எடை, ஐம்பது பெரிய தட்டுகள். அதில் அடங்கியது ஐந்து எம்பி. யாரோ அனுப்பும் ஒரு ரோஜாப்பூ வீடியோ அந்த இயந்திரம் முழுவதையும் நிரப்பிவிடும்.

ஆகவே ஏ, பி, சி முறையை நாமே செய்யலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பை நிர்வகிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. ஐந்து எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை பகிரப்பட்டவை என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டும். நம் சி வகை பெரும்பாலும் அங்கேதான். அதைப் பார்த்துப் பார்த்து நீக்கினாலே போதும். படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதையும் நிறுத்திவைக்கலாம். ஏ வகைக் குரலையும் படத்தையும் முதலில் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், ஒரு பென்டிரைவிலும் ஏற்றிப் பிள்ளையிடம் கொடுங்கள். லண்டனில் தனிக் கோபுரத்தில் வைத்ததுதான் தப்பித்தது. கூகுள் போட்டோஸில் இடத்தைக் காலி செய்வது வேறு, படத்தை நீக்குவது வேறு. முன்னது, கூகுளில் ஏற்கெனவே ஏறிவிட்ட படங்களின் போன் பிரதியை மட்டும் எடுக்கும். பின்னது இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துவிடும். தவறி நீக்கினால் குப்பைத்தொட்டியில் சில வாரம் இருக்கும், உடனே மீட்கலாம். அதேபோல் கேச் அழிப்பதால் ஆபத்தில்லை. டேட்டா அழிப்பதை மட்டும் தொடாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளை வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அவர்கள் அழுத்தட்டும். வகையை நீங்கள் சொல்லுங்கள்.