பெயரும் பணியும்: மன்னாரில் பொதுக் கௌரவிப்பு மரபு

ஆய்வுச் சுருக்கம்

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலுள்ள மாதோட்டப் பகுதியிலும் ஊருக்கு உழைத்தோரைப் பொதுவில் கௌரவிக்கும் மரபு நீண்டது. சோழர் காலக் கல்வெட்டு, முத்துக்குளிப்புக் காலப் பட்டங்கள், நாட்டுக்கூத்து அண்ணாவிமாருக்கான பாராட்டு, போர்க்கால நினைவேந்தல் ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. கௌரவிப்பு என்பது ஓர் ஊர் தன் உழைப்பின் வரலாற்றை எழுதிவைக்கும் செயல். பணியை எழுதாமல் பெயரை மட்டும் எழுதும் கௌரவிப்பு அந்தக் கடமையில் தவறுகிறது என்பதே இதன் வாதம்.

1. முன்னுரை

பிரதேச பண்பாட்டு விழா, ஆலயப் பெருநாள், பாடசாலைப் பரிசளிப்பு விழா, கடற்றொழிலாளர் சங்க ஆண்டுவிழா என மன்னாரில் கௌரவிப்பு நிகழாத பொதுமேடை அரிது. பொன்னாடை போர்த்தப்படுகிறது, மாலை விழுகிறது, நினைவுச்சின்னமும் வாழ்த்துமடலும் கையளிக்கப்படுகின்றன. விழா மலரில் ஒளிப்படம் வருகிறது. கௌரவம் பெற்றவரின் குடும்பத்துக்கு அது நிறைவான நாள். அந்த நிறைவை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து அந்த மலரைப் புரட்டும் இளைஞருக்கு என்ன தெரியவரும்? பெயர் தெரியும், அடைமொழிகள் தெரியும், பிரதம விருந்தினர் யாரென்பதும் தெரியும். அந்த மனிதர் எந்த ஆண்டில், எவரோடு சேர்ந்து, எதைச் செய்தார் என்பது பெரும்பாலும் தெரியாது. ஆகவே எந்தக் கௌரவிப்பையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம் என்று கருதுகிறேன்: அவர் செய்தது என்ன? அதை அறிந்து சொல்பவர் யார்?

2. மாதோட்டக் கல்வெட்டு

இக்கேள்விகளுக்கு மன்னார்க் கரையே பழைய விடை ஒன்றை வைத்திருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, மாதோட்டத்தில் தாழிகுமரன் என்பவர் எடுப்பித்த இராசராச ஈசுவரம் என்ற கோயிலைக் குறிக்கிறது. மாதோட்டம் அப்போது இராசராசபுரம் என்றும் அழைக்கப்பட்டது. கட்டியவரின் சொந்த ஊர், நாடு, வளநாடு ஆகியவை கல்வெட்டில் உண்டு. கோயிலுக்கு விட்ட நிலமும், விளக்குக்கும் வைகாசி விசாகத்தில் முடியும் ஏழு நாள் திருவிழாவுக்கும் செய்த ஏற்பாடுகளும் அதில் இடம்பெறுகின்றன.

இந்தக் கல்லில் புகழ்ச்சியைவிடச் செய்திக்கே இடம் அதிகம். யார், எந்த ஊரார், எதைக் கட்டினார், அதை நடத்த எதை விட்டார் என்பன வரிசையாக நிற்கின்றன. கோயில் அழிந்து நூற்றாண்டுகள் கடந்தும் அவரது பணியை நாம் அறிவது இதனால்தான். இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பொருளும் அதிகாரமும் உடையவரே கல்லில் இடம் பெற்றனர். கல் சுமந்தவரும் விளக்கேற்றியவரும் அதில் இல்லை. பணியை விவரிக்கும் ஒழுக்கத்தை அக்கல்வெட்டிடம் கற்கலாம். யாரைச் சேர்ப்பது என்பதை அதனிடம் கற்க முடியாது.

3. பட்டமும் உழைப்பும்

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் மன்னார்க் கரையின் மதிப்பு முத்துக்குளிப்பு நடந்த சலாபத்தைச் சுற்றி அமைந்தது. பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிமாரும், பின்னர் முதலியார், உடையார், விதானையார் முதலிய பதவிப் பெயர் கொண்டோரும் ஆட்சியாளரால் மதிக்கப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் எழுப்பிய மாளிகையின் இடிபாடு இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. சலாபத்தை மேற்பார்வை செய்ய வந்த ஆளுநரின் பெயரை அது நினைவில் வைத்திருக்கிறது.

மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கிய குளியாளின் பெயரையோ, மேலே படகில் கயிறு பிடித்தவரின் பெயரையோ எந்தச் சுவரும் தாங்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர் பக்கத்துக்கும் என்பது வழக்கமான ஏற்பாடு. பொருளின் பங்கு ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. பெயரின் பங்கு அந்த அளவுகூடக் குளியாளுக்குக் கிட்டவில்லை. பட்டம் மேலிருந்து வந்தது. ஆட்சிக்கு உதவியவரை நோக்கி வந்தது. இன்றைய மேடைகளில் பதவியில் இருப்பவருக்கே முதல் மாலை விழும் வழக்கத்தில் இந்தக் காலத்தின் தடம் தெரிகிறது.

4. அண்ணாவியாரும் விண்ணப்பப் படிவமும்

மன்னாரின் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபு வேறொரு வழியைக் காட்டுகிறது. யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இரண்டு ஆடல்மரபுகள் இங்கு உண்டு. நாடகமும் அதன் சுருங்கிய வடிவமான வாசகப்பாவும் ஆலயப் பெருநாட்களையொட்டி ஆடப்பட்டன. அண்ணாவியார் ஏட்டைப் படித்துக் காட்டி, மாதக்கணக்கில் ஒத்திகை நடத்தி, ஓர் ஊரையே அரங்குக்குத் தயார்செய்தார். அவருக்கான மரியாதையை அந்த ஊரே செய்தது. அவர் செய்ததைக் கண்ணால் கண்டவர்களே அவரைப் பாராட்டியவர்கள். இரண்டாம் கேள்விக்கு இதைவிட உறுதியான விடை இல்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும், 1966இல் மூவிராசர் நாடகத்தையும், 1967இல் ஞானசவுந்தரி நாடகத்தையும் பதிப்பித்தார். இலங்கைக் கலைக்கழக நாடகக் குழுவின் வழியே அண்ணாவிமாரை ஒன்றுகூட்டிப் பாராட்டும் பணியிலும் ஈடுபட்டார். மேடைப் பாராட்டோடு நில்லாமல் அவர்கள் காத்த ஏட்டை அச்சேற்றியதே அவர் செய்த பெரிய மரியாதை. பொன்னாடை பெற்ற அண்ணாவியார் மறைந்த பின்னும் அவரது கலை நூலில் வாழ்கிறது.

இன்று அரசு வழங்கும் கலாபூஷணம் விருது மூத்த கலைஞர்களுக்கு உரியது. மன்னாரின் கூத்துக் கலைஞர் பலரும் எழுத்தாளர் பலரும் அதைப் பெற்றுள்ளனர். நாடளாவிய அங்கீகாரம் கிராமத்துக் கலைஞரைத் தேடி வருவது பெரும் பேறு. ஆனால் அது விண்ணப்பத்தின் வழியே வருகிறது. கலைஞர் தம் பணியைத் தாமே எழுதி, சான்றிதழ்களை இணைத்துப் பிரதேச செயலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மன்னாரில் இந்த நடைமுறை ஏழைக் கலைஞருக்குப் பாதகமானது. 1990இல் தீவிலிருந்தும், 2007, 2008ஆம் ஆண்டுகளில் முசலி, மடு, அடம்பன், விடத்தல்தீவுப் பகுதிகளிலிருந்தும் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். கூத்துக் கொப்பியும் பாராட்டுப் பத்திரமும் கைவிடப்பட்ட வீடுகளோடு போயின. நாற்பது ஆண்டுகள் ஆடியவரிடம் ஒரு தாள்கூட இல்லாதிருப்பது இங்கு இயல்பு. கூத்துக்கு உடை தைத்த பெண்களும், ஆட வந்தோருக்குச் சோறாக்கிய பெண்களும் தம்மைக் கலைஞர் என்று எண்ணியே இரார். அவர்கள் விண்ணப்பிக்கப் போவதில்லை. எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் ஊரார் வாய்மொழியைப் பதிவுசெய்து சான்றாக ஏற்பதே நீதி.

5. கூட்டத்தைக் கௌரவித்தல்

தனிமனிதரைக் கௌரவிப்பது எளிது. ஒரு கூட்டத்தைக் கௌரவிப்பது கடினம். மன்னாரின் வரலாறோ பெரிதும் கூட்டங்களின் வரலாறு. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர் அறுநூறு பேருக்கு மேல் என்பர். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி பெயரால் அமைந்த ஆலயம் அவர்களின் நினைவைக் காக்கிறது. ஒல்லாந்தர் கெடுபிடியில் 1670 அளவில் மாதோட்டத்து மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் சென்றவை இருபது குடும்பங்கள் என்பது மடுத் திருப்பதியின் மரபுரை. இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் திருத்தலம் அக்குடும்பங்களின் துணிவால் அமைந்தது. இவ்விரு கூட்டங்களிலும் தனிப்பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன, செயல் மறையவில்லை. பெயர் இல்லாமலும் கௌரவிப்பு நிலைக்கும் என்பதற்கு இவை சான்று.

அண்மைக்காலச் சிறந்த எடுத்துக்காட்டு தலைமன்னாரில் தொடங்கியது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் ஆரம்பமான நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவடைந்தது. இக்கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்ட தொழிலாளரில் ஆயிரக்கணக்கானோர் பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். அந்த வழியில் மீண்டும் நடந்ததே அவர்களுக்குச் செய்த கௌரவம். மேடையும் மாலையும் அங்கு முதன்மை பெறவில்லை. முன்னோர் பட்ட பாட்டைப் பின்வந்தோர் காலால் அறிந்தனர். வழியோர ஊர்களின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களை வரவேற்றனர். பணியைச் சொல்லும் கௌரவிப்பு பிற சமூகங்களையும் உள்ளே அழைக்கும் என்பதை இந்நடை மெய்ப்பித்தது.

6. போர்க்காலப் பணியாளர்

போரின் நடுவே, 1985 ஜனவரி 6இல் மன்னாரின் வங்காலையில் கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகளாரை அவ்வூர் மறக்கவில்லை. 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப் ஆண்டகை 2021 ஏப்ரல் 1இல் மறைந்தபோது வடக்கு முழுவதும் துயருற்றது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், கணக்கில் வராதோர் என அவர் வைத்த எண் 1,46,679. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக மாவட்டச் செயலகங்கள் பதிந்த 4,29,059 பேரிலிருந்து, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்த 2,82,380 பேரைக் கழித்து அவர் அந்த எண்ணைக் காட்டினார். ஆயரின் துணிவு போற்றத்தக்கது. போர்ச் சூழலில் மக்களைக் கணக்கெடுத்த அலுவலர்களின் உழைப்பும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அவர்களுக்கு இன்றுவரை மேடை அமையவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்கள் கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். அவ்வூரில் பிறந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா அம்மக்களின் இழப்பைப் பதிவுசெய்வதைத் தம் வாழ்நாள் பணியாக்கினார். 2018இல் அவர் மறைந்தார். முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டியும் கத்தோலிக்க ஊரான பேசாலையும் ஒரே தீவில் உள்ளவை. ஒன்றின் பணியாளரை மற்றது கௌரவிக்கும் விழா இத்தீவில் இன்னும் ஒரு மரபாக வேரூன்றவில்லை. ஒவ்வொரு சமூகமும் தன்னவரை மட்டும் பாராட்டினால் தனித்தனி வரலாறுகளே எழுதப்படும். மன்னாரின் வரலாறு எழுதப்படாது.

7. ஒரு மறுப்பும் விடையும்

பாராட்டு அன்பின் வெளிப்பாடு, அதற்கு ஆதாரம் கேட்பது அன்பைக் கெடுக்கும் என்று வாதிடலாம். நல்லது செய்தவர் புகழை எதிர்பார்ப்பதில்லை என்றும் கூறலாம். இரண்டும் மதிக்கத்தக்க கருத்துகள். ஆனால் கௌரவிப்பின் பயன் பெறுபவரோடு முடிவதில்லை. எதைச் செய்தால் ஊர் மதிக்கும் என்பதை அது இளையோருக்குச் சொல்கிறது. பதவிக்கு மாலை விழுவதைக் காணும் பிள்ளை பதவியை விரும்பும். கிணறு வெட்டியவருக்கும், அகதி முகாமில் பாடம் சொன்னவருக்கும், வெள்ளத்தில் படகோட்டியவருக்கும் காரணம் சொல்லி மாலை இடுவதைக் காணும் பிள்ளை அப்பணியை விரும்பும்.

8. முடிவுரை

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் கௌரவிப்புப் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும். பெயர்களைப் பிறர் முன்மொழிய வேண்டும். ஆலயமும் பள்ளிவாசலும் கோவிலும் சங்கமும் அதில் பங்கேற்க வேண்டும். செய்த பணி, ஆண்டு, உடன் உழைத்தோர், அறிந்து சொல்வோர் ஆகிய நான்கும் ஒரு பக்கத்திலாவது எழுதப்பட வேண்டும். கூட்டாகச் செய்த பணி கூட்டின் பெயரால் பதியப்பட வேண்டும். அப்பதிவேடு பொது நூலகத்தில் எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இதற்குப் பெரும் செலவு இல்லை. 1990இலும் 2008இலும் ஊரைத் தாங்கிய தலைமுறையினர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் காலம் குறுகிவருகிறது. அடுத்த பண்பாட்டு விழாவுக்குப் பொன்னாடை வாங்கும் குழுவினர், அதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டோடு அம்மூத்தோரின் வீடுகளுக்குச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.