கலாசாலை வாசலும் கரிசற்காட்டு மாணாக்கனும்

பரளச்சி வட்டாரத்தாருக்குத் தாலுகாத் தலைநகரமாயுள்ள திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்து, பிற்காலத்தில் ரமண மகரிஷியென உலகம் வணங்கிய வேங்கடராமன், மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் வாசித்த நாளில், ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை எழுதிவரும்படி தண்டனை பெற்று, இருமுறை எழுதிய மட்டில் சலிப்புற்று நோட்டை மூடிவைத்தவர். 1896 ஆகஸ்டு 29 அன்று அவர் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது வழிச்செலவுக்கு உதவியதும், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டுவதற்கென்று கொடுக்கப்பட்டிருந்த ஐந்து ரூபாயே; அதில் மூன்றை எடுத்துக்கொண்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லையென்று எழுதி, மீதி இரண்டை வைத்துவிட்டுப் போனார். துறவு பூண்டவருக்கு யோக்கியதாபத்திரம் வேண்டியிருக்கவில்லை. ஊரிலேயே தங்கிய பிள்ளைகளுக்கு அது வேண்டியிருந்தது.

கம்பும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் வானத்தை நம்பி விளையும் இச்சீமையிலிருந்து கலாசாலைப் படிப்பை நாடியவனுக்கு நெடுங்காலம் மதுரையே கதி. 1881-இல் பசுமலையில் வாஷ்பர்ன் என்னும் மிஷனரியின் காலத்தில் தொடங்கி, பின்னர் சம்ப்ரோவின் தலைமையில் மதுரைக்குள் நிலைபெற்ற அமெரிக்கன் கல்லூரி, தர்க்கம், சரித்திரம், இலக்கியம், விஞ்ஞானம் ஆகிய பலவற்றையும் கலந்து கற்பித்து மனிதனை உருவாக்கும் அமெரிக்கக் கலைக்கல்லூரி மரபில் வந்ததேயாயினும், 1857-இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்ட காரணத்தால், வாசலுக்கு வந்த பையனின் குணத்தையும் ஆசிரியரின் சிபாரிசையும் எவ்வளவு மதித்தபோதிலும், சர்வகலாசாலை வகுத்த பரீட்சை விதியைத் தாண்டி அவனை உள்ளே அழைக்க இயலாதிருந்தது. மரபு அமெரிக்காவினுடையது, பூட்டும் சாவியும் சென்னையினுடையவை.

அந்தப் பூட்டு எத்தகையது என்பதற்குக் கும்பகோணத்து ராமானுஜனே சாட்சி. 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி ஆங்கிலத்தில் தவறியதனால் அச்சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து முயன்றும் எஃப்.ஏ. என்னும் இடைநிலைப் பரீட்சை கைகூடவில்லை. பட்டமில்லாத அவருக்கு 1913-இல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கியதும் அதே சென்னைச் சர்வகலாசாலைதான். விதியை வகுத்தவர்களே அதைத் தளர்த்தவும் வல்லவர்கள் என்பதை இது காட்டுகிறது. ஆனால் அவ்வாறு தளர்த்துவதற்கு ஒரு ராமானுஜன் வரவேண்டியிருந்தது. சுமாராகப் படிக்கிற சம்சாரி மகனுக்காக யாரும் விதியைத் திறந்து பார்க்கவில்லை.

1911-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனின் இடத்தைப் பிடித்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பார்த்திருக்கிறவர்கள் அதன் அதிகாரத்தை அறிவர். கெட்டி அட்டை போட்ட அந்தச் சிறு நூலில் பையனின் அங்க அடையாளம், வகுப்பில் வாங்கிய மார்க்கு, சர்க்கார் பரீட்சையில் வாங்கிய மார்க்கு, தலைமையாசிரியரின் கையெழுத்து ஆகியவை வரிசையாக ஏறியிருக்கும். நிலப்பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டியிலேயே அதையும் வைத்துக் காத்தார்கள். பள்ளிப்படிப்பை முடித்தவன் என்பது ஒன்று, காலேஜுக்கு 'எலிஜிபிள்' என்பது வேறு. பின்னதற்குக் குறுக்கே நின்றது பெரும்பாலும் ஆங்கிலமே. தவறியவன் டுடோரியலில் சேர்ந்து செப்டம்பரில் எழுதினான். கையில் பணமில்லாதவன் மாடு பிடித்து உழப் போனான். மார்க்குப் பட்டியல் அளந்தது மூளையைப் பாதி, வீட்டு வசதியைப் பாதி என்பதே என் அபிப்பிராயம்.

விருதுநகரில் பிறந்து, பள்ளிப்படிப்பைப் பாதியிலே விட்ட காமராஜர் முதன்மந்திரியான பின்னர் பகல் உணவும் இலவசக் கல்வியும் கிராமப் பள்ளிகளை நிரப்பின. 1960-இல் கோவை அரசுக் கலைக்கல்லூரியில் தமிழ் வழியே பி.ஏ. கற்பிக்கத் தொடங்கியது ஆங்கிலத் தடையில் விழுந்த முதல் உடைப்பு. ஆயினும் பரளச்சி வட்டாரத்துக்கு உண்மையான மாறுதலைக் கொண்டுவந்தவை, 1970-இல் அருப்புக்கோட்டையில் எழுந்த தேவாங்கர் கலைக்கல்லூரியும் சைவபானு சத்திரியக் கல்லூரியுமே. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் கல்லூரி அமைந்தவுடன், மதுரை விடுதிச் செலவுக்கு அஞ்சியவர்களும் விண்ணப்பம் போட்டார்கள். பையன்களின் மார்க்கு ஒரே ஆண்டில் உயர்ந்துவிடவில்லை. கல்லூரிதான் அருகே வந்தது.

இன்று அரசுக் கலைக்கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டாலும், முதற்சுற்றில் எஞ்சிய இடங்களைப் பின்வரும் சுற்றுகளில் நிரப்புகிறார்கள். தவறிய பாடத்துக்குத் துணைத்தேர்வும் அதே கோடையில் உண்டு. ஆகவே, மதிப்பெண் குறைந்துவிட்டதென்று பிள்ளையைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர், அதற்கு முன் ஒரு விண்ணப்பத்தையாவது போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.