பால்வெட்டும் தாய்ப்பாலும்: தோட்டப்புறத்து ஆயாக் கொட்டகையின் வரலாறு



மலேசியத் தமிழர் வரலாற்றைப் பேசும்போது நாம் கப்பலைப் பேசுகிறோம், கங்காணியைப் பேசுகிறோம், கள்ளுக்கடை, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். ஆனால், ஓர் எளிய கேள்வியை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. விடியுமுன் பால்வெட்டப் போன தாயின் கைக்குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருந்தது? அதற்குப் பசியெடுத்தபோது யார் என்ன கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், தோட்டப்புற வாழ்வின் மறைந்த பக்கம் ஒன்று நமக்குத் தெரியவரும். பேறுகாலம் முடிந்து வேலைக்குத் திரும்பும் இன்றைய தாய்மார்களுக்கும் அதில் பாடம் உண்டு.

கோலசிலாங்கூர் வட்டாரமும் நம்மவரும்

செகிஞ்சான் என்றவுடன் இன்று எல்லாருக்கும் நெல்வயலும் மீன்பிடிப் படகுகளுமே நினைவுக்கு வரும். 1930களில் உருவாக்கப்பட்ட தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் அக்கடலோரச் சதுப்பு நிலத்தை நெற்களஞ்சியமாக்கியது. அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) என விரிந்த நிலப்பரப்போ தோட்டங்களின் உலகம்.

பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே 1900களின் முற்பாதியில் இவ்வட்டாரத்தின் ரந்தாவ் பாஞ்சாங்கில் இரப்பர் பயிரிடத் தொடங்கினார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தெனமாரத்தில் அவர் முயற்சியால்தான் தோன்றியது. தம் மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கொன்கூர் பரிசும் கிடைத்தது. துரையின் பெயர் உலக இலக்கியத்தில் நிலைத்தது. அந்த மண்ணைப் பண்படுத்திய தமிழ்ப் பெண்களின் பெயர்களோ செக்ரோல் ஏடுகளோடு போயின.

1920களின் இறுதியில் அரசு வகுத்த தரக்கூலியின்படி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இந்தக் கூலியில் ஒருவர் உழைப்பால் மட்டும் குடும்பம் நடவாது. தோட்ட நிருவாகத்திற்கும் குறைந்த கூலிக்குப் பெண்ணின் கைகள் தேவைப்பட்டன. ஆகவே, பிள்ளை பெற்றவள் விரைந்து வேலைக்குத் திரும்பவேண்டும் என்பது இரு பக்கத்தின் கட்டாயமாகிவிட்டது. ஒரு பக்கத்திற்கு அது இலாபம். மறுபக்கத்திற்கு அது அடுப்பில் உலை வைக்கும் வழி!

மரத்தின் பாலுக்கு ஒரு நேரம்

இரப்பர் மரத்தை நம்மவர் 'பால்மரம்' என்றனர். மரஞ்சீவும் தொழிலைப் 'பால்வெட்டு' என்றனர். மரப்பால் நன்றாக ஒழுகுவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து ஒழுக்கு மந்தமாகும். அதனால்தான் இருள் விலகுமுன் பெரட்டுக்கு மணியடித்தார்கள். பெயர் கொடுத்து, நிரை பிரித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பின் மங்குகளிலிருந்து பால் எடுத்து, வாளிகளில் சுமந்து கொட்டகையில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப நண்பகல் தாண்டிவிடும்.

கைக்குழந்தைக்கோ இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பால் வேண்டும். இங்கேதான் சிக்கல். மரத்தின் பாலுக்குரிய நேரமும் குழந்தையின் பாலுக்குரிய நேரமும் ஒன்றோடொன்று மோதின. மரத்தின் நேரமே வென்றது!

இன்னோர் இயற்கை விதியும் இதில் உண்டு. தாய்ப்பால் குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் மார்பில் கட்டிக்கிடந்தால், உடல் மெல்ல மெல்லச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். 'அவளுக்குப் பால் வற்றிவிட்டது' என்று லயத்தில் பேசிக்கொண்டதற்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் அவள் உடற்குறையன்று, வேலை நேரமே.

ஆயாக் கொட்டகை

ஊரில் இருந்திருந்தால் பேறுகாலத்திற்குத் தாய்வீடு போயிருப்பாள். அம்மா, பாட்டி, அத்தை என்று பிள்ளையைத் தூக்கப் பல கைகள் இருந்திருக்கும். கடல் கடந்து வந்த முதல் தலைமுறைப் பெண்ணுக்கு அந்தப் பாட்டி இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப எழுந்ததே ஆயாக் கொட்டகை.

பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஓர் எளிய கொட்டகை. விட்டத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் துணித்தொட்டில்கள். பால்வெட்ட இயலாத வயதான பெண் ஒருவர் ஆயாவாக இருப்பார். உறக்கம் கலையாத பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள் தாய்மார்கள். பல பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. ஒன்று அழுதால் ஒன்றை ஆட்டவேண்டும். ஒன்றுக்குக் கழுவிவிட்டு மற்றொன்றுக்கு ஊட்டவேண்டும். நோய் ஒன்று வந்தால் தொட்டில் தொட்டிலாகப் பரவும்.

இலங்கை மலையகத்தில் இதனையே 'பிள்ளைக் காம்பரா' என்றும் 'பிள்ளை மடுவம்' என்றும் வழங்கினர். பெயர்தான் வேறு, தேயிலையானாலும் இரப்பரானாலும் கதை ஒன்றே.

குறைகள் பல இருந்தாலும் ஒன்றை மறக்கலாகாது. தமிழ்ப்பள்ளிக்கு வருமுன்பே தோட்டத்துப் பிள்ளை தாலாட்டுக் கேட்டதும், மழலையில் தமிழ் பேசிப் பழகியதும் அந்தக் கொட்டகையில்தான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆயாமார்களை நம் சமூகத்தின் முதல் பாலர் பள்ளி ஆசிரியைகள் என்று சொல்வது மிகையாகாது.

டின் பால் வந்த கதை

தாய் இல்லாத நேரத்தில் ஆயா எதைக் கொடுப்பார்? மலிவாகக் கிடைத்தது சீனி கலந்த கட்டிப்பால். நெஸ்லே நிறுவனத்தின் முன்னோடியான ஆங்கிலோ-சுவிஸ் கட்டிப்பால் நிறுவனம் 1912இல் பினாங்கில் வணிகத்தைத் தொடங்கியது. கெடாமல் நெடுநாள் இருக்கும் டின் பால் மலாயா எங்கும் பரவியது.

ஆனால், அந்தப் பாலில் ஏறத்தாழப் பாதி சீனி. கொழுப்பு நீக்கிய வகையிலோ ஏ, டி உயிர்ச்சத்துகள் இல்லை. அதை நம்பி வளர்ந்த குழந்தைக்குக் கண்ணும் எலும்பும் பாதிக்கப்படும் ஆபத்து இருந்தது. டின் நெடுநாள் வரவேண்டும் என்று நீர் மிகுதியாகக் கலந்தால் குழந்தை இளைத்துப்போகும். கொதிக்காத நீரும் கழுவாத புட்டியும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை ஒரே வாரத்தில் கைவிட்டுப் போய்விடும்.

இதனை வெளிப்படையாகக் கண்டித்தவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். ஜமாய்க்காவில் பிறந்த இவர், ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் (இன்றைய கானா) பணியாற்றியபோது, 'குவாஷியோர்க்கர்' என்ற ஊட்டக்குறை நோயை 1933இல் மருத்துவ உலகிற்கு விளக்கினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து ஒதுக்கப்பட்டு, புரதமற்ற மாவுக் கூழை மட்டும் உண்ணும் பிள்ளைக்கு வரும் நோய் அது. 1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான விளம்பரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்று, பால் வணிகத்தோடு தொடர்புடையவர் அமர்ந்திருந்த அவையிலேயே அவர் துணிந்து சொன்னார். என்னே அவர் நெஞ்சுரம்!

புழுங்கல் அரிசிக் கஞ்சி

பால் மட்டும் போதாத வயது வந்ததும் கஞ்சி, ராகிக்கூழ், பருப்புத் தண்ணீர், மசித்த வாழைப்பழம் என்று தொடங்கினர் நம்மவர். இங்கே நம் முன்னோரின் வழக்கம் ஒன்று அவர்களைக் காத்ததைச் சொல்லவேண்டும்.

அக்காலத்தில் தீட்டிய பச்சரிசியை மட்டுமே உண்டவர்களைப் 'பெரிபெரி' என்னும் கொடுநோய் வாட்டியது. அந்நோயுள்ள தாயிடம் பால் குடிக்கும் கைக்குழந்தையும் அதற்குப் பலியாகும். 1905இல் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரு பிரிவினருக்குத் தீட்டிய சயாம் அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற்பிரிவில்தான் பெரிபெரி தோன்றியது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது. மலாயாவில் பெரிபெரி தமிழர்களை அதிகம் அண்டாததற்குப் புழுங்கல் அரிசியே காரணம்.

ஆயினும், கஞ்சி மட்டுமே போதும் என்று இருந்த வீடுகளில் பிள்ளை இளைத்தது. சப்பானியர் காலத்தில் (1942-1945) அந்தக் கஞ்சிக்கும் வழியில்லை. ஆண்கள் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட, மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தனர் தோட்டத்துத் தாய்மார்கள்.

சட்டம் தந்ததும் தராததும்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் ஆண்டான 1919இலேயே பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. பிரசவத்திற்குப் பின் ஆறு வாரம் விடுப்பு, வேலை நேரத்தில் பாலூட்ட நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் என்று அது வகுத்தது. அது தொழிற்சாலைகளுக்கும் வணிகத்துறைக்குமே உரியது. தோட்டப் பெண்ணைக் கணக்கில் கொள்ளவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் வழிகாட்ட வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களின் மானம் காத்தல் ஆகியவையும் அன்றைய கோரிக்கைகளில் இருந்தன. அதனை வெறும் காசுக்கான போராட்டம் என்று நம் மாணவர்களுக்குச் சொல்லிவிடக்கூடாது.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பை உறுதிசெய்தது. இந்த 60 நாளே அரைநூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, 2023 சனவரி 1 முதல் அது 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் 7 நாள் விடுப்பு கிடைத்தது. ஆனால், வேலை நேரத்தில் பாலூட்டும் இடைவேளை அத்திருத்தத்திலும் இடம்பெறவில்லை. இந்தியாவிலோ 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகத்திற்கும், 1961ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளுக்கும் வகைசெய்தன.

பினாங்கிலிருந்து எழுந்த குரல்

டின் பால் வணிகம் வேரூன்றிய அதே மலாயாவிலிருந்துதான் அதற்கு எதிரான உலகக் குரலும் எழுந்தது. பயனீட்டாளர் இயக்கத் தலைவரான பினாங்கின் அன்வர் ஃபசால், 1979இல் குழந்தை உணவு நடவடிக்கைக் கூட்டமைப்பு தோன்றப் பெரும்பங்காற்றினார். 1981இல் உலகச் சுகாதார மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை நெறிமுறையை ஏற்றது. 1991இல் உருவான உலகத் தாய்ப்பால் கூட்டணியின் தலைமையகமும் பினாங்கிலேயே அமைந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் கொண்டாடப்படும் உலகத் தாய்ப்பால் வாரம் அதன் முயற்சியே.

இன்று நாம் எண்ண வேண்டியது

இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மேம்பாட்டிற்கு நிலம் போயிற்று. லயங்களோடு ஆயாக் கொட்டகைகளும் மறைந்தன. பேரப்பிள்ளைகள் இன்று தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை பார்க்கிறார்கள். விடியுமுன் குழந்தையை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டு ஓடுவது மட்டும் மாறவில்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 98 நாள் என்பதோ மூன்று மாதமும் சில நாள்களும்தான். இடையிலுள்ள ஏறத்தாழ மூன்று மாத இடைவெளியை யார் நிரப்புவது? அன்று பெரட்டு மணி செய்ததை இன்று அலுவலகக் கடிகாரம் செய்கிறது.

பாலைப் பிழிந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வசதி நம் பாட்டிமார்களுக்கு இல்லை, இன்று உண்டு. அதற்குத் தேவை ஒரு தூய அறையும் அரை மணி நேரமும்தான். நம் பள்ளிகளில் இளம் ஆசிரியைகள் பலர் கைக்குழந்தையோடு பணிக்குத் திரும்புகிறார்கள். கழிவறையில் நின்று பால் பிழியும் நிலை அவர்களுக்கு வரலாமா? தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் மனம் வைத்தால், பயன்படாத ஓர் அறையைத் திரைச்சீலை போட்டு ஒதுக்கிக் கொடுப்பது பெரிய காரியமன்று.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ஆறு மாதம் நிரம்பியதும் கஞ்சியைத் தொடங்குங்கள். ஆனால், கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். பருப்பு, மீன், முட்டை, கீரை ஆகியவற்றை நன்கு வேகவைத்து மசித்துச் சேருங்கள். கட்டிப்பால் குழந்தை உணவன்று. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஐயமிருந்தால் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் தாதியரைக் கேளுங்கள்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர்களிடம் ஒரு சிறு பணியைக் கொடுக்கலாம். பாட்டியிடம் சென்று, "பாட்டி, நீங்க வேலைக்குப் போனப்போ எங்க அம்மாவ யாரு பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஆயாவின் பெயர், கொட்டகை இருந்த இடம், அங்கே கொடுத்த உணவு, பாடிய தாலாட்டு ஆகியவற்றைப் பிள்ளைகள் ஏட்டில் குறித்து வரட்டும். கோலசிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் சபாக் பெர்ணத்திலும் அதைச் சொல்லக்கூடிய பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.