தூண்டிற்கோற் பேழையும் தோட்டத்துப் பெட்டியும்

குறுந்தொகையின் 54ஆம் பாடலில், காட்டுயானை வளைத்துவிட்ட மூங்கில் நிமிர்வதற்கு மீன் பற்றிய தூண்டிற்கோல் உவமையாக வருகிறது. பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்தது. அவ்வுவமையே ‘மீனெறி தூண்டிலார்’ என்று அவருக்குப் பெயராயிற்று. மூங்கிலுக்கும் தூண்டிலுக்கும் உள்ள உறவைத் தமிழர் அத்துணைக் காலமாக அறிவர்.

19ஆம் நூற்றாண்டில் அவ்வுறவு கடல் கடந்தது. கல்கத்தாவிலிருந்து சென்ற மூங்கிலை நீளவாட்டில் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி ஒட்டி மேனாட்டார் கோல் செய்தனர். பின்னர்ச் சீனத்துக் குவாங்டுங் மூங்கில் ‘டோங்கின்’ என்னும் பெயரால் அதன் இடத்தைப் பிடித்தது. இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் 1872இல் தோன்றிய ஹார்டி நிறுவனம் இத்தொழிலில் பெரும் புகழ் எய்திற்று. சென்னை மாகாணத்து அதிகாரியான எச். எஸ். தாமஸ், இந்தியாவில் தூண்டிலிடுவதைப் பற்றி 1873இல் தனி நூலே வெளியிட்டார். கீழ்நாடுகளுக்குக் கப்பலேறிய ஆங்கிலேயர் சிலர், கழற்றி மாட்டும் இக்கோல்களை நீண்ட மரப்பேழைகளில் வைத்துக் கொணர்ந்தனர். மலாயாவின் மேலாறுகளில் வாழும் கெலா, அவர்கள் விரும்பித் தேடிய மீன்.

சிலாங்கூர் ஆறு மலைத்தொடரில் பிறந்து, கோலகுபு பாரு, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்ப்பக்கமாக ஓடிக் கோல சிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்ததும் இங்கேதான். அதன் பெயர் ‘தென்னமரம்’. அது தமிழ்ப் பெயர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நிலத்தின் வெப்பமும் ஈரமும் மரப்பேழைக்குப் பெரும்பகை. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பழைய வச்சிரம் ஈரத்தால் இளகும்; பலகையின் இணைப்பு விடும்; பூஞ்சணம் படரும். உளுக்கும் வண்டு, மரத்திலும் மூங்கிலிலும் உள்ள மாச்சத்தை நாடித் துளைத்து, மாவுபோன்ற தூளை உதிர்க்கும். பால்மரப் பலகைக்கும் இவ்வண்டே எதிரி. வெட்டிய மரத்தைப் போராக்ஸ் போன்ற மருந்தில் ஊறவைக்கும் முறை பரவிய பின்னரே, விறகாய் எரிந்துவந்த பால்மரம் மேசையும் நாற்காலியுமாயிற்று.

இத்தகைய பேழையைச் செப்பனிடுவோர் முதலில் செய்யவேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே. மறைவான ஓரிடத்தில் சாராயம் தோய்ந்த பஞ்சால் தொட்டால் மெருகு இளகுமாயின், அது பெரும்பாலும் அரக்கு மெருகாகும். அதனை முழுதும் சுரண்டாமல், அரக்குக் கரைசலையே மெல்லப் பூசிப் புதுப்பிக்கலாம். விட்டுப்போன இணைப்புக்கு மீண்டும் வச்சிரமே தக்கது. ஏனெனில் பின்னாளில் வேறொருவர் பழுது பார்க்க நேர்ந்தால், வெதுவெதுப்பும் ஈரமும் கொண்டு பலகை பிளவாமல் அதனைப் பிரிக்க இயலும். இக்காலத்து வன்பசை அவ்வழியை அடைத்துவிடும். பித்தளைக் கீலைப் பளபளக்கத் தேய்ப்பதும், உள்துணியைக் கிழித்தெறிவதும், பெயரெழுத்தை உப்புத்தாளால் அழிப்பதும் பெரும்பிழை. பேழையின் விலை மரத்தில் இருக்கலாம். அதன் வரலாறோ அந்தத் தழும்புகளில் இருக்கிறது.

இவ்விதி துரையின் பேழைக்கு மட்டும் உரியதன்று. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த தமிழர், தம் உடைமைகளைத் தகரப் பெட்டியில் கொண்டுவந்தனர். மூடியில் தீட்டிய பெயரும் ஊரும், பூட்டின் துருவும், ஒட்டிய கப்பல் சீட்டின் எச்சமும் அவர்கள் விட்டுச்சென்ற எழுத்தாவணங்கள். ஆனால் தூண்டிற்பேழை பழம்பொருளாக விலைபோகிறது. தகரப் பெட்டியோ, தோட்டம் கைமாறி லயங்கள் இடிபடும்போது பழைய இரும்போடு எடைக்குப் போகிறது.

அரக்கும் மூங்கிலும் இந்தியாவிலிருந்து சென்றன. பால் வெட்டிய கைகளும் அங்கிருந்தே வந்தன. பொழுதுபோக்குக்கு வைத்த பெட்டியைப் போற்றிவிட்டு, பிழைப்புக்குத் தூக்கிவந்த பெட்டியை எறிந்துவிடுதல் வரலாற்றைப் பாதியாக அறுப்பதாகும். தோட்டத்துப் பள்ளிதோறும் ஓர் அலமாரித் தட்டு ஒழித்து, அத்தகைய பெட்டி ஒன்றைத் துடைத்து, ஆனால் தேய்க்காமல் வைத்தால், பாட்டனார் எவ்வூரிலிருந்து வந்தார் என்று கேட்கும் பிள்ளைக்கு விடை அதன் மூடியிலேயே கிடைக்கும்.