அம்மாவின் நெஞ்சுச் சூடு

குற்றால அருவியில் குளித்தவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் நிற்கும்வரை குளிர் பெரிதாகத் தெரியாது. வெளியே வந்து ஈர உடம்போடு சாரல் காற்றில் நின்றால்தான் பல் கிடுகிடுக்கும். பிறந்த குழந்தையின் நிலையும் இதுதான். வயிற்றுக்குள் கதகதப்பாக இருந்துவிட்டு நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நமக்காவது நடுங்கிச் சமாளிக்கத் தெரியும். பச்சைக் குழந்தைக்கு அதுவும் வராது.

போன சாரல் காலத்தில் தென்காசியில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. "பிள்ளைய எப்பம்மா குளிப்பாட்டுவீங்க?" என்று ஆச்சி கேட்டாள். "இன்னைக்குக் கிடையாது ஆச்சி" என்ற நர்ஸம்மா, குழந்தையை நன்றாகத் துடைத்து அக்காவின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்துத் துணியால் போர்த்தினார். ஆச்சிக்கு முகம் சரியில்லை. எனக்கோ இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆசை வந்தது.

கதை பாரிஸில் ஆரம்பிக்கிறது. அங்கே ஒரு உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார் ஸ்டெஃபான் டார்னியே என்ற பிரசவ மருத்துவர். குழந்தைக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1880-ல் வெந்நீரால் சூடாகும் பெட்டி பாரிஸ் பிரசவ மருத்துவமனைக்கு வந்தது. 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். இதுதான் இன்றைய இன்குபேட்டரின் பாட்டன்.

அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை நியூயார்க் கோனி தீவுப் பொழுதுபோக்குத் திடலில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் காட்சி நடத்தினார். பார்க்க வந்தவர்களிடம் டிக்கெட் காசு வாங்கினார், பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. காமர்ஸ் படிக்கிற நான் இந்த வரவு செலவில் அசந்துபோனேன்.

ஆனால் பெட்டி வாங்கப் பணமில்லாத ஊர் என்ன செய்யும்? 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போடவேண்டிய நிலை. ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு நோய் தொற்றியது. எட்கார் ரே என்ற மருத்துவர் குழந்தைகளை அம்மாக்களின் நெஞ்சிலேயே நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது.

இதை ஏழைகளின் மாற்றுவழி என்றே பலர் நினைத்தார்கள். 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகள் அதில் இருந்தார்கள். உடல்நிலை தேறும்வரை காத்திருந்து கங்காரு முறையைத் தொடங்கியபோது 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம். பிறந்த உடனே தொடங்கியபோது 12 சதவீதம். மருத்துவர்களும் கருவிகளும் பக்கத்தில் இருந்தார்கள்தான். ஆனால் குழந்தை அம்மாவிடம் இருந்தது.

முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்வதும் அதே நிறுவனம்தான். இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னேன். "பெத்தவ நெஞ்சுல போடச் சொல்லவா வெள்ளக்காரன் நூறு வருசம் படிச்சான்?" என்று சிரித்தாள். ஆனால் குளிப்பாட்டும் பேச்சை மறுநாள் வரைக்கும் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒரு ஆச்சி இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள் நண்பர்களே.