மூன்று குமிழ்களும் ஓர் இரைச்சலும்

சென்ற மார்கழியில் ஓர் இரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. அழைத்தவர் தெல்லிப்பழையில் எங்கள் அயல்வீட்டுக்காரர். என்னிலும் ஐந்து வயது மூத்தவர். எண்பதுகளில் எங்கள் பகுதிக் கோயில் திருவிழாக்களில் வாசித்த ஓர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவர். தன்னுடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'அண்ணை' என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

"தம்பி, ரெண்டு கிற்றார் எனக்கு முன்னாலை கிடக்குது. ரெண்டும் ஃபெண்டர், ரெண்டும் எழுபதுகளிலை செய்தது. ஒண்டிலை பிக்கப் ஒண்டு, மற்றதிலை ரெண்டு. ஊரிலை என்னட்டை இருந்தது எந்த மாதிரி எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ?"

ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, 1990 ஆனியில் ஊரில் விட்டுவந்த அதே வகைக் கருவியை வாங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முப்பத்தைந்து ஆண்டுகளாக அதன் உருவத்தை மனத்தில் வைத்திருந்தவருக்கு, கடைக்காரர் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்தவுடன் நினைவு தடுமாறிவிட்டது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் இரண்டு பேர் சொல்லும் இரண்டு கதைகளில் எது நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முப்பது ஆண்டுகளாக என்னுடைய பிழைப்பு. ஆகவே இரண்டு நாள் தவணை கேட்டேன்.

முதலில் கருவியின் வரலாறு. மின் பேஸ் கிற்றாரைப் பரவலாக்கியவர் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர். அவர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர். ஆளுயரமான டபுள் பேஸைச் சுமந்து திரிந்த வாத்தியக்காரர்களுக்காக அவர் 1951-இல் வெளியிட்டதே பிரிசிஷன் பேஸ். பெயரின் பொருள் 'துல்லியம்'. நம் வீணையைப் போல இதற்கும் மெட்டுகள் உண்டு. விரல் சரியான இடத்தில் விழுந்தால் சுரம் தப்பாது என்பதே அந்தப் பெயரின் உட்கிடை.

பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அது கேட்பது காற்றில் வரும் ஒலியை அன்று. தனக்கு நேர்மேலே உள்ள அந்தச் சிறு துண்டுத் தந்தியின் அசைவை மட்டுமே. ஒரே தந்தி கழுத்துப் பக்கம் அகன்று அசைகிறது. குதிரைக்கு அருகே வந்தால் அசைவு சிறுக்கிறது, ஆனால் உச்ச ஒலிகளின் பங்கு கூடுகிறது. ஆகவே சுருளைக் கழுத்துப் பக்கம் வைத்தால் கனத்த, உருண்ட நாதம். குதிரைப் பக்கம் வைத்தால் ஒடுங்கிய, கூரிய நாதம். பழைய பேஸ் கிற்றார் வாங்குவோர் மரத்தைப் பற்றியும் வார்னிஷைப் பற்றியும் செய்யும் வாதங்களை நான் வாசித்துப் பார்த்தேன். சுருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பிறகுதான் அவையெல்லாம் என்பது என் முடிவு.

சுருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தந்தியின் அசைவோடு சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். காந்த முனையை மாற்றி, கம்பி சுற்றும் திசையையும் மாற்றிய இன்னொரு சுருளை அதனோடு இணைத்தால், தந்தியின் ஒலி ஒன்றுகூடும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். 1957-இல் ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸின் சுருளை இரண்டு துண்டாக்கினார்: இரண்டு தந்திக்கு ஒரு துண்டு, மற்ற இரண்டுக்கு மறுதுண்டு, ஒன்று சற்று முன்னும் மற்றது சற்றுப் பின்னுமாக. இரைச்சல் நின்றது. 1960-இல் அவர் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் கழுத்து ஒடுக்கம் (தலைப்பக்கத்தில் ஒன்றரை அங்குலம்; பிரிசிஷனில் ஒன்றே முக்கால்). நான்கு தந்திகளையும் தழுவும் நீண்ட பிக்கப்கள் இரண்டு. ஒன்று நடுவில், ஒன்று குதிரையருகே. இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் இரைச்சல் அழியும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் இரண்டு பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றை, பெரும்பாலும் சுட்டுவிரல் ஒன்றினாலேயே வாசித்தார். ஜாக்கோ பாஸ்டோரியஸ் அதே 1962-ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ் ஒன்றில் மெட்டுகளைப் பிடுங்கியெறிந்து, குதிரைப் பக்கத்துப் பிக்கப்பைக் கொண்டு அதைப் பாடவைத்தார். ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு. கேட்பவர் இரண்டையும் ஒரே வகை வாத்தியம் என்று நம்பமாட்டார்.

இரண்டும் திருட்டுப் போயின என்பது வேறு கதை. ஜேமர்சனுடையது 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் களவாடப்பட்டது, இன்றுவரை அகப்படவில்லை. ஜாக்கோவினுடையது 1986-இல் நியூயோர்க்கில் மறைந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் ஒரு கடையில் தலைகாட்டியது. போல் மக்கார்ட்னி 1961-இல் ஹம்பேர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹொஃப்னர் பேஸ் 1972-இல் திருட்டுப் போய், அவரிடம் திரும்பிவிட்டதாக 2024-இல் செய்தி வந்தது. தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்ததாம். இந்தச் செய்தி வந்த அன்றுதான் அண்ணைக்கு இந்த எண்ணம் பிறந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அவர் சொல்லவில்லை.

இனி நம்மூர். எங்கள் காதுக்கு அடிநாதம் என்றால் ஒத்துதான். பக்கத்தூர் அளவெட்டி என்.கே.பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் கீழே ஒரு சுருதி அசையாமல் நிற்கும். மேலே இராகம் அலையும். மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு தன்பாட்டில் நடந்து திரியும் என்பதை, 1816-இல் தெல்லிப்பழையில் நிலையம் அமைத்த அமெரிக்க மிஷனின் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் படித்துப் பாடிய சிலர் அறிந்திருக்கலாம். எனக்கு அதைச் சொல்லித்தந்தது திரைப்பாட்டு. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, தாமே கிற்றார் கற்றவர். பேஸுக்கான வரிகளையும் சுரக்குறிப்பாக எழுதிக் கொடுப்பவர். சசிதரன் போன்ற கலைஞர்கள் அவற்றை வாசித்தார்கள். 'மூடுபனி'யின் (1980) 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் குரலை மறந்துவிட்டு அடியில் நடப்பதை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி திறந்த நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. எங்கள் வீட்டு மேசையில் இருந்த டிரான்சிஸ்டர் வானொலியின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் அந்த ஒலியை எழுப்பவே இயலாது. அது தந்தது மேலெழும் உச்ச ஒலிகளை மட்டுமே. அவற்றைக் கொண்டு இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொண்டது. மனிதச் செவியின் இந்த வித்தையை ஒலியியலார் நன்கறிவர். அதாவது, நாங்கள் பேஸ் என்று கேட்டதெல்லாம் குதிரைப் பக்கத்து ஒலிகள். கனத்த நாதம் எங்கள் வானொலியில் கரைந்தே போயிருக்கும்.

அண்ணையின் கருவி 1982 அளவில் கொழும்பில் பழையதாக வாங்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. மிளகாயும் வெங்காயமும் விற்று எங்கள் தோட்டக்காரர் கையில் காசு புரண்டாலும் வாங்குவதற்குப் பொருள் இல்லாத காலம். 1977-க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது ஜப்பானியச் சரக்குகள் வந்து குவிந்தன. அமெரிக்க ஃபெண்டரை எங்கள் பக்கத்தில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அண்ணையிடம் இருந்தது நிச்சயமாக ஒரு ஜப்பானியப் பிரதி. கேள்வி, எதனுடைய பிரதி என்பதே.

என்னிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. 1986-இல் ஒரு திருவிழா மேடையில் எடுத்தது. அம்மா அந்த அல்பத்தை 1990-இல் தெல்லிப்பழையிலிருந்து இணுவிலுக்கும், 1995-இல் அங்கிருந்து சாவகச்சேரிக்கும், பின்னர் கொழும்புக்கும் சுமந்தார். இப்போது இலண்டனில் என் அலுமாரியில் இருக்கிறது. நகைப்பெட்டியை விட்டுவிட்டு அல்பத்தை எடுத்துவந்ததற்காக அவர் பட்ட ஏச்சு கொஞ்சமன்று. படத்தில் அண்ணை மணிக்கூட்டுப் பட்டியோடு நிற்கிறார். அவருடைய வலக்கை, எது தெரிய வேண்டுமோ அதைச் சரியாக மறைத்துக்கொண்டிருக்கிறது. பிக்கப் ஒன்றா இரண்டா என்று சொல்ல வழியில்லை.

உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்துக் கீழ்ப்பக்கம் பார்த்தேன். குமிழ்கள் மூன்று. பிரிசிஷனில் குமிழ் இரண்டுதான்: ஒன்று ஒலியளவு, ஒன்று தொனி. ஜாஸ் பேஸில் பிக்கப்புக்கு ஒன்றாக இரண்டு ஒலியளவுக் குமிழ்கள், தொனிக்கு ஒன்று. ஆனால் ஜப்பானியப் பிரதிகளில் கலப்படங்கள் உண்டு. ஒரு சாட்சியை வைத்துச் செய்தி எழுதக்கூடாது என்பது எங்கள் ஆசிரியர் கற்றுத்தந்த பாடம். அண்ணையைத் திரும்ப அழைத்தேன்.

"அண்ணை, மேடையிலை இரைச்சல் வாறது ஞாபகம் இருக்கோ?"

சிரித்தார். "மறப்பனோ? கோயிலிலை லைற் மிசின் ஓடேக்கை நடுக்குமிழைக் குறைச்சன் எண்டா 'ம்ம்ம்' எண்டு அழத் தொடங்கும். லவுட்ஸ்பீக்கர்காரன் மேடைக்கு ஓடி வருவான். ரெண்டையும் முழுக்கத் திறந்தா அமந்து போகும்."

விசாரணை அத்துடன் முடிந்தது. துண்டுபட்ட சுருளுள்ள பிரிசிஷன் அப்படி அழாது. குமிழைத் திறந்து அமர்த்தவும் முடியாது. அவரிடம் இருந்தது ஜாஸ் பேஸின் பிரதி, அதுவும் சுருள்களை முறையாகத் திசைமாற்றிச் சுற்றிய நல்ல பிரதி.

ஆனால் முன்பிருந்தது எது என்பது ஒரு கேள்வி, இப்போது வாங்கவேண்டியது எது என்பது இன்னொன்று. அதையும் பேசினோம். பிரிசிஷன் நம்பகமானது: ஒரே குரல், அந்தக் குரலில் குழப்பம் இல்லை, மேடையில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே அமிழ்ந்து போகாது. வாழ்நாளில் ஒன்றே ஒன்று வாங்குபவருக்கு அதைத்தான் நான் சொல்வேன். எழுபதுகளின் ஜாஸ் பேஸில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் குதிரைப் பக்கத்துப் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் குதிரையை நோக்கி நகர்த்திவிட்டார்கள். அரை அங்குலத்துக்கும் குறைவுதான். நாதம் இன்னும் கூர்மையாகிவிட்டது. அறுபதுகளின் ஒலியைத் தேடுபவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். 1965-இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். கைக்கு மாறியதற்கு முந்தியவைக்கே மதிப்பு என்று விலையும் அவர்கள் பக்கமே நிற்கிறது. டிரான்சிஸ்டரில் பேஸ் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் கூர்மை குறையாகப்படுமா என்று எனக்குச் சந்தேகம். அறுபதைத் தாண்டிய விரல்களுக்கு ஒடுங்கிய கழுத்து உதவும் என்பதையும் சொன்னேன். எந்த ஆண்டு என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், கழுத்தைக் கழற்றி அடியில் உள்ள திகதியையும், குமிழ்களின் உள்ளே இருக்கும் பாகங்களின் முதுகில் பொறித்த இலக்கங்களையும் பார்க்கும்படி சொன்னேன். பின்புறத் தகட்டிலுள்ள இலக்கம் போதாது. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் தகடு மாறிவிடும்.

அவருடைய பழைய கருவி என்னவாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது, நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு வெளியேறினார்கள். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது, மின்கலங்களுக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம் அது. அண்ணை ஒருமுறை சொன்னார், "கொண்டு வந்திருந்தாலும் அது பேசியிராது" என்று. மின் பேஸ் கிற்றார் மின்சாரம் இல்லாவிட்டால் ஒரு மரக்கட்டை. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேளாது. 2009-க்குப் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது அவர் போய்ப் பார்த்தார். கூரையும் கதவு நிலைகளும்கூட இருக்கவில்லை. அலுமாரியைப் பற்றி நான் கேட்கவில்லை.

தை மாதம் மீண்டும் அழைத்தார். ஜாஸ் பேஸையே வாங்கிவிட்டார். குமிழ்களின் உள் இலக்கம் விற்பவர் சொன்ன ஆண்டோடு ஒத்துப்போனதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாக நடுக்குமிழைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்.

"அழுதுதோ, அண்ணை?"

"அழுதுது. ஆனா அது இல்லைத் தம்பி. வேறை சுருதி."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இலங்கையில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, கனடாவில் 60. ஊரில் அந்த இரைச்சல் தடித்த தந்தியின் மூன்றாம் மெட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அந்தச் சுரத்தின் அதிர்வு 49. ரொறன்ரோவில் அது அடுத்த தந்தியின் முதலாம், இரண்டாம் மெட்டுகளுக்கு நடுவே விழுகிறது. வாசித்துக் காட்டமுடியாத இடம். இதை அவருக்கு விளக்கினேன்.

"அப்ப, இலண்டனிலை?"

"இஞ்சை ஐம்பதுதான், அண்ணை. ஊர் மாதிரி."

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "சித்திரைக்கு மகள் வீட்டுக்கு வாறன். அதையும் கொண்டு வாறன். நீ ஒரு அம்ப்ளிஃபயர் பார்த்து வை" என்றார்.